சிரித்தால் பொய், அழுதால் அவிசுவாசமா?

கேள்வி: என் மாமியார் பக்கவாதம் வந்து பதினான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். கணவர் வெளிநாட்டில். பிள்ளைகள் ஒன்பதாவதும் ஆறாவதும் படிக்கிறார்கள். ஊட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். ஒரு நாள் சபையில் பெண்கள் கூட்டத்தில் "முடியலை அக்கா" என்று அழுதுவிட்டேன். "முறுமுறுத்த இஸ்ரவேலர் வனாந்தரத்திலேயே மாண்டார்கள். எப்பொழுதும் சந்தோஷமாயிரு, எல்லாம் மாறும்" என்று ஒரு மூத்த சகோதரி எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் "கர்த்தர் நடத்துகிறார்" என்று சிரித்துவைக்கிறேன். சிரித்தால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. சிரிக்காவிட்டால் விசுவாசம் இல்லை என்கிறார்கள். நான் என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

"எல்லாம் மாறும்" என்று நானும் எழுதிவிட்டால் இந்தப் பதில் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் பதினான்கு மாதம் ஆன பக்கவாதம் எவ்வளவு மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

முறுமுறுப்பு என்றதும் எல்லாரும் நீட்டுகிற இடங்களில் ஒன்று எண்ணாகமம் 11. இன்று ராத்திரி அதை முழுசாகப் படித்துப் பாருங்கள். ஜனங்கள் எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெண்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அவரவர் கூடாரவாசலில் நின்று அழுகிறார்கள். கர்த்தருக்குக் கோபம் மூள்கிறது. இதுவரைக்கும் எல்லாரும் சொல்வார்கள். அதே அதிகாரத்தில் மோசேயும் வெடிக்கிறான், அதைத்தான் யாரும் சொல்வதில்லை. இவர்களைப் பெற்றது நானோ என்று கேட்கிறான். "இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாகத் தாங்கக்கூடாது, எனக்கு இது மிஞ்சின பாரமாயிருக்கிறது" என்கிறான். இப்படித்தான் நடத்துவீர் என்றால் என்னைக் கொன்றுபோடும் என்றும் சொல்லிவிடுகிறான். நீங்கள் "முடியலை அக்கா" என்றதைவிட இது எவ்வளவோ காரம்.

அவனுக்குக் கிடைத்த பதில் என்ன? "ஏன் முறுமுறுக்கிறாய்" என்று ஒரு வார்த்தை இல்லை. எழுபது மூப்பரைக் கூட்டிக்கொண்டு வா, அவர்களும் உன்னோடு சேர்ந்து சுமக்கட்டும் என்கிறார் கர்த்தர். ஜனங்கள் அவரைப் பற்றி வாசலில் நின்று புலம்பினார்கள், மோசே அவர் முகத்தைப் பார்த்தே சொன்னான். எனக்குத் தெரிந்து முறுமுறுப்புக்கும் ஜெபத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்தத் திசைதான். வார்த்தைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம்.

சரி, "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பவுல் எழுதினாரே? எழுதினார், அதுவும் கட்டப்பட்டுக் காவலில் இருந்துகொண்டு. ஆனால் அதே பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், மரணத்துக்குச் சமீபமாக வியாதிப்பட்ட எப்பாப்பிரோதீத்து பிழைத்ததைச் சொல்லும்போது, துக்கத்தின்மேல் துக்கம் தனக்கு உண்டாகாதபடி தேவன் இரங்கினார் என்கிறார். அவன் போயிருந்தால் நொறுங்கியிருப்பேன் என்பதை மறைக்கவே இல்லை. நான்காம் அதிகாரத்தில் எதையெல்லாம் சிந்திக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தருகிறார். அதில் முதலில் வருவது "உண்மையுள்ளவைகள்". அன்பும் நற்கீர்த்தியும் அப்புறம்தான். உண்மையைத் தள்ளிவிட்டு வருகிற சிரிப்பு அந்தப் பட்டியலில் சேராது. இன்னொன்று, மனரம்மியமாயிருக்கக் "கற்றுக்கொண்டேன்" என்கிறார். பவுலுக்கே அது பிறவியிலோ ஒரே ராத்திரியிலோ வரவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

என் அப்பா கடைசி ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, இரண்டாவது தடவையாக விரிப்பை மாற்ற வேண்டி வந்தது. அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு பின்வாசல் துவைகல்லுக்குப் போனேன், கையில் இருந்த மக்கைச் சுவரில் எறிந்தேன். "ஆண்டவரே, எனக்கு முடியல. நீர் வந்து மாத்தும்" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வேறு பதில் எதுவும் வரவில்லை. மக்கின் கைப்பிடி உடைந்ததுதான் மிச்சம். ஆனால் உள்ளே வந்து புது விரிப்பை விரிக்கும்போது என் கையில் இருந்த வெடுவெடுப்பு இறங்கியிருந்தது. அப்பாவுக்குப் பேச்சு வராது. அசைகிற இடது கையால் தலையணையை இழுத்து என் பக்கம் தள்ளினார். சிரிப்பதா அழுவதா என்று நீங்கள் கேட்பதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பின்வாசலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, அடுத்த விரிப்பை எந்தக் கையோடு விரிப்பது என்பது. அதுவும் எல்லா நாளும் எனக்கு வாய்க்கவில்லை.

டோனாவூர் உங்களுக்குப் பக்கம்தான். அங்கே ஊழியம் செய்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார். நோயாளிகளுக்கென்று சுகமாயிருப்பவர்கள் எழுதுகிற எழுத்து அவருக்கு ஒட்டவே இல்லை. பிறகு நோயாளிகளுக்கு நோயாளியாகவே இருந்து எழுதினார். களைப்பில்லாதவர்கள் களைத்தவர்களுக்குச் சொல்கிற புத்தி அப்படித்தான் இருக்கும். (நானும் இப்போது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.)

இனி உங்கள் எழுபது பேருக்கு வருவோம். எழுபது வேண்டாம், நாலு பேர் போதும். உங்கள் கணவர் பணம் அனுப்புகிறார், சரி. வாரத்தில் மூன்று ராத்திரி வீடியோ காலில் அம்மாவோடு அரை மணி நேரம் இருக்கட்டும். அவருக்குப் பதில் சொல்ல வராவிட்டாலும் மகன் குரல் கேட்குமே. அந்த அரை மணி உங்களுடையது. பகலில் மட்டும் ஒரு ஹோம் நர்ஸ் வைக்க முடியுமா என்றும் அவரிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் தருகிறார்கள். இதுவரை வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடச் சொல்வார்கள். அதை ஒரே ஆள் இரவும் பகலும் செய்ய முடியாது என்பது அவர்களுக்கே தெரியும், கூச்சப்படாமல் கேளுங்கள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளையும் சாயங்காலம் ஒரு தடவை கை கொடுக்கலாம்.

அந்த மூத்த சகோதரியையும் விடாதீர்கள். "அக்கா, வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசிப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். குத்தலாக இல்லை, நிஜமாகவே கேளுங்கள். வந்தாலும் வருவார். கூட்டத்தில் கடுமையாகப் பேசுகிற சிலர் வீட்டுக்கு வந்தால் முதல் ஆளாகச் சட்டியைத் துலக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தூக்கத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, அது எனக்கு உறுத்துகிறது. படுத்தாலும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், செத்தால் தேவலை என்ற நினைப்பு வந்தால் டாக்டரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள், இலவசம். சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டு மறுபடியும் படுத்தவனைத் திட்டவும் இல்லை.

பக்கத்தில் நாத்தனார் யாராவது இருந்தால் இன்றைக்கே பேசுங்கள், வருகிற ஞாயிறு காலை அவர் வந்து உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஆராதனைக்குப் போனால் நல்லது. போகாமல் பத்து மணி வரை தூங்கிவிட்டீர்கள் என்றால், சபை ஐயர் கேட்கும்போது என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா