நர்சிங் மாணவிகள் வார்டில் வேலை பழகும்போது ஆசிரியர் கூடவே நின்று பார்ப்பது அவசியமா?

தங்கை மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், குழந்தைகள் வார்டு போஸ்டிங் தொடங்கியதிலிருந்து தினமும் ஹாஸ்டலிலிருந்து அழுதுகொண்டே போன் செய்கிறாள், மேடம் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் பார்ப்பதால் கை நடுங்குகிறதாம், இது தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை. கட்டாயம் தேவை. உங்கள் வீட்டில் வேறு யாரும் நர்ஸ் இல்லை என்று நினைக்கிறேன், இருந்திருந்தால் இந்தக் கேள்வியை அவர்களிடமே கேட்டிருப்பீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

நான் செக்கானூரணிப் பக்கம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, காளவாசலில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி வார்டுக்குப் போய்ப் படித்தவள். பதினான்கு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். படித்த கல்லூரி, போஸ்டிங் போன ஆஸ்பத்திரி பெயர்களைச் சொல்லப் போவதில்லை.

குழந்தைகள் வார்டில் எனக்கு அது இரண்டாவது வாரம். ஒன்றரை வயதுப் பையன், எடை 10 கிலோ, காய்ச்சல் 102. கேஸ் ஷீட்டில் பாராசிட்டமால் 150 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருந்தார். கிலோவுக்கு 15 மில்லிகிராம், கணக்கு சரி. சிரப் என்றால் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்று எனக்கு மனப்பாடம். அப்படியென்றால் 6 மில்லி. டிரேயில் இருந்த பாட்டிலை எடுத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் 6 மில்லி இழுத்து, பையனின் தாடையைப் பிடித்துவிட்டேன். அவன் அப்பத்தா மடியில் திமிறிக்கொண்டிருந்தான்.

"மருந்தைக் கீழ வைம்மா. பாட்டிலை எடுத்துச் சத்தமா வாசி" என்றார் மேடம்.

வாசித்தேன். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். அது சிரப் இல்லை, கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் டிராப்ஸ். 15 மில்லி பாட்டிலில் 6 மில்லியை இழுத்துவிட்டு, பாட்டில் ஏன் இவ்வளவு காலியாகிவிட்டது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. என் கையில் இருந்தது 600 மில்லிகிராம். அந்தப் பையனின் எடைக்கு ஒரு நாள் முழுக்க நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியதை ஒரே வாயில் ஊற்றப் போயிருக்கிறேன்.

"என்ன தாயி, மருந்து குடுக்கலையா?" என்று அப்பத்தா கேட்டது. மேடம்தான் பதில் சொன்னார்: "அளவு சரிபாக்குறோம் பாட்டி, இந்தா குடுத்துருவாங்க." அவ்வளவுதான். அந்த அம்மா முன்னால் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரிஞ்சையும் என் கையிலிருந்து வாங்கவில்லை. எடுத்ததைக் கொட்டவைத்தார், மறுபடி கணக்குப் போடவைத்தார், ஒன்றரை மில்லி இழுக்கவைத்தார். பையனை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக என்னையே விடச் சொன்னார். அவன் கடைசிச் சொட்டை மட்டும் துப்பினான். டியூட்டி முடிந்ததும், வார்டில் இருந்த காய்ச்சல் மருந்து பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து லேபிளைப் பார்த்து எழுதச் சொன்னார். 5 மில்லியில் 125, 5 மில்லியில் 250, ஒரு மில்லியில் 100 என்று மூன்று விதம். மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான். அந்தத் தாள் இன்னும் என் பழைய லாக் புக்கில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, ஒரே ஒரு தடவை அளவு கூடினால் உடனே உயிர் போய்விடாது, நீ ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறாய் என்று யாராவது எழுதுவார்கள். எனக்கும் தெரியும். ஆனால் நான் கேஸ் ஷீட்டில் "6 மில்லி கொடுத்தாச்சு" என்று எழுதியிருப்பேன். அடுத்த டியூட்டிக்கு வருகிற பிள்ளையும் அதைப் பார்த்து, அதே பாட்டிலில், ஆறு மணி நேரம் கழித்து 6 மில்லி கொடுத்திருக்கும். அதுதான் பயம். இன்னொன்று, நான் இங்கே எழுதிய அளவுகளைப் பார்த்து யாரும் வீட்டில் பிள்ளைக்கு மருந்து கொடுக்க வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொரு நாள், பதினோரு மாதப் பாப்பா, சளி. மூச்சு எண்ணச் சொன்னார். பதினைந்து விநாடி எண்ணினேன், 11 வந்தது, நான்கால் பெருக்கி 44 என்று எழுதினேன். மேடம் பாப்பாவின் சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழு ஒரு நிமிடம் நின்றார். 52. இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 50-ஐத் தொட்டாலே அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். என் 44-ஐ நம்பியிருந்தால் அந்தப் பாப்பாவைச் சாதாரணச் சளி என்று விட்டிருப்போம். குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடாது, கொஞ்சம் வேகமாக விடும், கொஞ்சம் நிறுத்தும். அதனால்தான் முழு நிமிடம். புத்தகத்திலும் இது இருக்கிறது, நானும் படித்திருந்தேன். ஆனாலும் பக்கத்தில் ஒருவர் நின்று எண்ணிக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

பெரியவர்கள் வார்டு வேறு மாதிரி. அங்கே நோயாளியே நமக்குப் பாதி மேடம். "நேத்து வெள்ளை மாத்திரைல்ல குடுத்தாக, இது என்ன மஞ்சளா இருக்கு?" என்று கேட்பார்கள். டிரிப்ஸ் போட்ட இடம் வீங்கினால் "எரியுதும்மா" என்று கூப்பிடுவார்கள். ஊசி போட வந்தது படிக்கிற பிள்ளை என்று தெரிந்தால் கையை இழுத்துக்கொள்கிறவர்களும் உண்டு, அதற்கும் பழகிக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு எதையும் சொல்லத் தெரியாது. எதற்கெடுத்தாலும் ஒரே அழுகைதான். அதற்காகத்தான் உங்கள் தங்கையின் மேடம் அந்த வார்டில் அவ்வளவு நெருக்கமாக நிற்கிறார்.

நான் வருத்தப்படுவது யாரும் நிற்காத நாட்களை நினைத்து. பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு மாணவிக்கு மூன்று படுக்கை என்று இந்தியன் நர்சிங் கவுன்சில் விதி வைத்திருக்கிறது. நாங்கள் கடைசி வருடம் இன்னோர் இடத்துக்குப் போஸ்டிங் போனபோது முப்பது பேருக்கு ஒரே மேடம். அவர் ஒரு மாடியில் இருந்தால் நாங்கள் வேறு மாடியில் இருப்போம். என் தோழி ஒருத்தி, ஒரு நோயாளிக்குப் போட்டு முடித்த ஊசிக்கு மறுபடி மூடி போடும்போது விரலில் குத்திக்கொண்டாள். மூடி போடக் கூடாது என்று அவளுக்கும் தெரியும், அவசரம். யாரிடம் சொல்வது என்று தெரியாமல், திட்டுவார்களோ என்று பயந்து, கையைக் கழுவிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள். மறுநாள் ராத்திரிதான் ஹாஸ்டலில் என்னிடம் சொன்னாள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. ஒன்றரை நாள் போயே போய்விட்டது. விடியும்வரை இரண்டு பேரும் தூங்கவில்லை. காலையில் முதல் வேலையாக இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் நின்றோம். அந்த நோயாளிக்கு ஒன்றும் இல்லை என்று பரிசோதனையில் வந்தது, கடவுள் புண்ணியம். பக்கத்தில் ஒரு மேடம் இருந்திருந்தால் அவள் அந்த நிமிடமே சொல்லியிருப்பாள். அந்தப் போஸ்டிங்குக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தார் என் அப்பா, ஆட்டை விற்று.

பணம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். படிப்பு முடித்துச் சேர்ந்த முதல் ஆஸ்பத்திரியில் என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது வேலையை விட வேண்டி வந்தது. இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டித்தான் சர்டிபிகேட்டை மீட்டேன். நான் படித்த படிப்பு, என் பெயர் போட்ட காகிதம். உங்கள் தங்கை வேலைக்குச் சேரும்போது நகலை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளட்டும்.

சரி, தங்கை விஷயத்துக்கு வருகிறேன். எல்லா மேடமும் எனக்கு வாய்த்தவரைப் போல இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. நோயாளி முன்னால் "உனக்கெல்லாம் எதுக்கு நர்சிங்?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அது பயிற்சியே இல்லை. இன்று ராத்திரி அவள் போன் செய்யும்போது, எதற்காக அழுகை வந்தது என்று நிதானமாகக் கேளுங்கள். கணக்கைத் திரும்பப் போடச் சொன்னதற்கா, எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசியதற்கா? முதலாவது என்றால், "மேடம், மருந்து எடுக்கிறதுக்கு முன்னாடியே கணக்கை உங்ககிட்ட சொல்லிடட்டுமா?" என்று நாளைக் காலையில் அவளே போய்க் கேட்கட்டும். எனக்குக் கை நடுக்கம் நின்றது அப்படித்தான். இரண்டாவது என்றால், எந்த நாள், எந்த வார்டு, என்ன வார்த்தை என்று நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டோடு நீங்களும் கூடப் போய் பிரின்சிபாலைப் பாருங்கள். அவளைத் தனியாக அனுப்பாதீர்கள்.