எந்தப் படலையிலிருந்து தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

கதிர்காமப் பாதயாத்திரை பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். என் அப்பம்மா யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலிலிருந்து நடந்து போனவர். எல்லாம் 1983க்கு முந்திய கதை. எனக்கு இப்போது 51 வயது. நான்கு கிழமைக்கு மேல் லீவு கிடைக்காது. அதற்குள் சந்நிதியிலிருந்து நடந்து முடியாது என்று தெரியும். காட்டுப்பாதை தொடங்குகிற உகந்தை வரை பஸ்ஸில் போய் இறங்கி, காட்டுப்பாதையை மட்டும் நடந்தால் போதும் என்கிறார் மச்சாள். அப்படிப் போனால் அது யாத்திரையா, சுற்றுலாவா? எங்கிருந்து தொடங்கட்டும்?

— ஒரு வாசகி, டொரொன்டோ

அன்புள்ள தங்கைக்கு,

மட்டக்களப்பு மாமாங்கக் கோவிலிலிருந்து தொடங்குங்கள். காரணம் பிறகு. முதலில் உங்கள் மச்சாளுக்காக ஒரு வார்த்தை: உகந்தையிலிருந்து நடப்பவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் தடவை நானே அங்கிருந்துதான் போனேன், நன்றாக அவதிப்பட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கிய மறுநாளே காட்டுக்குள் நுழைந்துவிட்டேன். முதுகில் அரிசி, பருப்பு, பால்மா, ஒரு சிறிய கடையே இருந்தது. கும்புக்கன் ஆற்றைத் தாண்டும்போது இரண்டு குதிக்காலிலும் கொப்புளம். நாவலடியில் உட்கார்ந்தவன் எழும்பவில்லை. முல்லைத்தீவிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்திருந்த ஒரு கிழவி, என்னைக் கேட்காமலே பையை அவிழ்த்துப் பாதி அரிசியைப் பொதுச் சமையலுக்கு அள்ளிக் கொடுத்தார். பிறகு ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் ஓட்டி, நூலை உள்ளேயே விட்டு இரண்டு நுனியையும் வெட்டினார். நீர் நூல் வழியே மெல்ல வடிந்தது. “இவ்வளவையும் யாருக்காகச் சுமக்கிறீர்கள், சாமி?” என்று மட்டும் கேட்டார். அவருக்கு அந்தக் காடு கடைசி ஐந்து நாள், எனக்கு முதல் ஐந்து நாள். வித்தியாசம் முழுவதும் அதில்தான் இருந்தது.

உடம்பு நடைக்குப் பழக ஒரு கிழமையாவது வேண்டும். அந்தப் பழக்கத்தை யானையும் கரடியும் நடமாடுகிற, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கிற இடத்தில் வைத்துக்கொள்வது மடமை. கரையோர வீதியில் கொப்புளம் வந்தால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. காட்டுக்குள்ளே வியாழையில் வந்தால் கூட வருகிற சாமிதான் வைத்தியர்.

ஆனால் கால் மட்டும் காரணமில்லை. மாமாங்கத்திலிருந்து பொத்துவில் வரை சுமார் 110 கிலோமீற்றர். காரைதீவு, திருக்கோவில் என்று கோவில் கோவிலாகத் தங்கிப் போவீர்கள். யாத்திரைக் குழு ஏந்தி வருகிற வேல் வருகிறது என்று தெரிந்தால் படலைக்குப் படலை நிறைகுடம் வைத்திருப்பார்கள். சோறு போடுவார்கள். நீங்கள் யார், என்ன வேலை என்று கேட்கமாட்டார்கள், எல்லாரும் சாமிதான். வழியில் பாதி ஊர் முஸ்லிம் ஊர்கள். சாய்ந்தமருதில் ஒருவர் கடையை விட்டு இறங்கி வந்து எங்கள் குழுவில் எல்லாருக்கும் பிளேன்டீ கொடுத்தார். கதிர்காமத்துப் பள்ளிவாசலில் தனக்காக ஒரு துஆக் கேட்கும்படி என்னிடம் சொல்லிவிட்டார். கச்சான் காற்று முகத்தில் அனலாக அடிக்கிற நேரத்தில் பிறர் கையிலிருந்து வாங்கிக் குடிப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டியிருக்கிறது. நம்மைப் போல மாதச் சம்பளக்காரருக்கு நடப்பதைவிட அதுதான் கடினம். உகந்தையில் தொடங்குகிறவருக்கு இந்தப் பகுதி முழுவதும் கிடைக்காமல் போகிறது.

சந்நிதியை விட்டுவிட்டு மாமாங்கமா என்று மனம் உறுத்தும். அப்பம்மா அங்கிருந்து கிளம்பியதற்குக் காரணம் உண்டு. சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கதிர்காமத்துப் பூசகர்களான கப்புறாளைமாரும் அப்படியே. சின்னக் கதிர்காமம் என்ற பெயர் அதற்குச் சும்மா வரவில்லை. ஆனால் தொடங்குமிடம் சந்நிதி ஒன்றுதான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலில் வந்து சேர்ந்துகொள்கிறவர்கள் உண்டு, வெருகலில் சேர்கிறவர்கள் உண்டு. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து நடக்க வழியில்லாமல் போனது. 1988இல் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கரும் நம்மவர் சிலரும் யாத்திரைக்கு மறுபடி உயிர் கொடுத்தபோது, எங்கே கால் வைக்க முடிந்ததோ அங்கிருந்துதான் வேலைத் தூக்கினார்கள். ஆகவே ஒருநாள் சந்நிதிக்குப் போய்த் திருநீறு வாங்கி முடிந்துகொண்டு, வெட்கப்படாமல் பஸ் பிடித்து மட்டக்களப்புக்கு வாருங்கள்.

இனிக் கணக்கு. இதைப் பின்னாலிருந்து போட வேண்டும். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி உகந்தையில் காட்டுப்பாதை திறப்பார்கள், திறந்திருப்பது ஏறக்குறைய இரண்டு கிழமை. திறந்து இரண்டாவது, மூன்றாவது நாளில் நீங்கள் உகந்தையில் நிற்க வேண்டும். முதல் நாள் வேண்டாம், சனம் நெரியும். அங்கே ஒருநாள் ஓய்வு. மலை ஏறி வள்ளியம்மனைக் கும்பிடுங்கள், கடலில் குளியுங்கள். மாமாங்கத்திலிருந்து உகந்தைக்கு நாளுக்கு 12, 13 கிலோமீற்றர் வீதம் பதினொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்கு ஐந்து நாள். ஓய்வையும் சேர்த்தால் பதினேழு. மிச்சம் விமானத்துக்கும் சந்நிதிக்கும் தூக்கத்துக்கும் போக, தீர்த்தத்துக்கு நின்று மாணிக்க கங்கையில் முழுகவும் நாள் மிஞ்சலாம்.

தனியாக நடக்க வேண்டாம். மாமாங்கத்தில் சேரும் ஏதாவது ஒரு வேல் குழுவோடு சேர்ந்து, கடைசி வரை அதே குழுவோடு இருங்கள். வேல் பிடிக்கிற சாமி நில் என்றால் நிற்க வேண்டும், அதிகாலை மூன்று மணிக்கு எழும்பு என்றால் எழும்ப வேண்டும். உங்களுக்கு இது பிடிக்காது என்று ஊகிக்கிறேன், எனக்கும் பிடிக்கவில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். பாதை திறக்கும் திகதியை ஆண்டுதோறும் மாவட்டச் செயலகத்தில் கூடித்தான் முடிவு செய்கிறார்கள், அது சிலவேளை முன்பின்னாக மாறும். திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள். காசு கொஞ்சம் கூடத்தான் போகும்.

அன்புடன்,
அண்ணன்