ஐந்து ஹார்ட் டிஸ்க்கை வைக்க மலிவாக ஒரு வெளிப்பெட்டியை நாமே செய்ய முடியுமா?

கையில் ஐந்து 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, டெஸ்க்டாப்புக்குள் இடமில்லை, கடையில் விற்கும், ஐந்து டிஸ்க் மாட்டும் பெட்டியின் விலைக்கு இன்னும் இரண்டு டிஸ்க்கே வாங்கிவிடலாம் போலிருக்கிறது என்கிறீர்கள்.

தாராளமாக நாமே செய்யலாம். ஆனால் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பிளைவுட், அக்ரிலிக் என்று பெட்டியைப் பற்றித்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு விஷயமே இல்லை. பழைய கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்றைப் பிடியுங்கள். காயலான் கடைக்குப் போகவிருக்கும் ஒன்றை யாராவது சும்மாவே கொடுப்பார்கள். டிஸ்க் மாட்ட, ஃபேன் மாட்ட, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் உட்கார எல்லாவற்றுக்கும் அதில் ஏற்கெனவே இடமும் திருகு ஓட்டையும் உண்டு. இரும்புப் பெட்டி என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருகினாலே எர்த்தும் கிடைத்துவிடும். இதில் மிச்சமாகும் காசை மின்சாரப் பக்கம் போடுங்கள்.

ஏன் என்றால், ஒரு 3.5 அங்குல டிஸ்க் ஓடும்போது 6 முதல் 8 வாட் வரைதான் எடுக்கும். நின்ற இடத்திலிருந்து சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் மட்டும் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். ஐந்தும் ஒன்றாகக் கிளம்பினால் 10 ஆம்பியர், அதாவது 120 வாட். எஸ்எம்பிஎஸ் மேல் பெரிதாக 450 வாட் என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பென்டியம் காலத்து எஸ்எம்பிஎஸ்களில் 5 வோல்ட்தான் தாராளமாக இருக்கும், 12 வோல்ட் சொற்பம். கேபினெட்டோடு வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல கம்பெனியின் சின்னதாக ஒன்று வாங்குவது உத்தமம். உங்கள் தரவு எல்லாம் அதை நம்பித்தான் ஓடப்போகிறது.

மதர்போர்டு இல்லாமல் எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகாது. 24 பின் கனெக்டரில் ஒரே ஒரு பச்சை ஒயர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, அதையும் பக்கத்திலிருக்கும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் இணைத்துவிட்டால் பின்பக்க சுவிட்சே போதும். எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும் புது மாடல் என்றால் பச்சையின் இடம் 16ஆம் பின். பேப்பர் கிளிப்பால் இணைப்பது சோதித்துப் பார்க்க மட்டும்தான். நிரந்தரமாக ஓட்ட, இதற்கென்றே விற்கும் குட்டி ஜம்பரை வாங்கி மாட்டுங்கள்.

அடுத்தது தீப்பிடிக்கிற சமாச்சாரம். எஸ்எம்பிஎஸ்ஸில் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா பவர் கனெக்டர்கள் போதாமல், மோலெக்ஸ் என்கிற பழைய நான்கு பின் கனெக்டரிலிருந்து மாற்றும் கேபிள் வாங்குவோம். அதில் இரண்டு வகை. ஒன்று, ஒயர்கள் பிளாஸ்டிக் கட்டிக்குள் வார்த்து மூடியிருப்பது. உள்ளே 12 வோல்ட் முனையும் அதன் அக்கம்பக்கத்து முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிறதா என்பது வெளியே தெரியாது. தொட்டால் கருகும். இன்னொன்றில் ஒயர்கள் வரிசையாகக் கனெக்டருக்குள் அழுத்திச் சொருகியிருக்கும், பின்மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். இதை மட்டும் வாங்குங்கள். ஒரு சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் மொத்தம் 4.5 ஆம்பியர்தான் தாங்கும், ஆகவே ஒன்றிலிருந்து இரண்டு டிஸ்க்குக்கு மேல் பிரிக்காதீர்கள்.

ரெடிமேட் யூஎஸ்பி பெட்டியை உடைத்து எடுத்த டிஸ்க் சில சமயம் சுழலவே சுழலாது. செத்துவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம். சாட்டா பவரில் மூன்றாவது பின்னுக்கு 3.3 வோல்ட் வந்தால் அணைந்தே இருக்கும்படி செய்த டிஸ்க்குகள் உண்டு. மோலெக்ஸில் 3.3 வோல்ட்டே கிடையாது என்பதால் அதன் வழியாகக் கொடுத்தால் சமர்த்தாக ஓடும்.

டேட்டாவுக்கு, மதர்போர்டில் சாட்டா போர்ட் காலி இருந்தால் சாதாரண சாட்டா கேபிளையே பின்பக்க ஸ்லாட் வழியாக வெளியே இழுத்து விடலாம். 1 மீட்டர்தான் எல்லை, ஆகவே இரண்டு கேபினெட்டும் ஒட்டி நிற்க வேண்டும். போர்ட் போதாது என்றால், சர்வரிலிருந்து கழற்றிய பழைய எல்எஸ்ஐ 9211 மாதிரியான, டிஸ்க் இணைக்கும் கார்டு ஒன்றைத் தேடுங்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ கிடைக்கும். எட்டு டிஸ்க் வரை தாங்கும். ஐடி மோட் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் இருக்கும் மென்பொருள்) போட்டதா என்று கேட்டு வாங்குங்கள், அப்போதுதான் டிஸ்க்குகள் தனித்தனியாக அப்படியே தெரியும். கார்டிலிருந்து டிஸ்க்குகளுக்குப் போகும், ஒன்று நான்காகப் பிரியும் கேபிளில் 'ஃபார்வர்ட்' என்று இருப்பதுதான் இதற்கு வேண்டும். 'ரிவர்ஸ்' பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும், ஆனால் ஒரு டிஸ்க்கும் தெரியாது. அந்தக் கார்டு நன்றாகச் சுடும், அதற்கும் கொஞ்சம் காற்று வேண்டும். பெட்டியை முதலில் ஆன் செய்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்கள்.

டிஸ்க்குகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டு, முன்னால் ஒரு 120 மிமீ ஃபேன் போதும். நம் ஊர் மே மாதத்திலும் 45 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பத்தைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற இலவச விண்டோஸ் மென்பொருளில் பார்க்கலாம்.

லேப்டாப்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் இந்த வழி சரிவராது. அப்போது பழைய கேபினெட்டிலிருந்து மதர்போர்டைக் கழற்றாமலே டிஸ்க்குகளை நெட்வொர்க்கில் பகிரும் ஓபன் மீடியா வால்ட் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டு நெட்வொர்க்கில் விட்டுவிடுங்கள். கிகாபிட் கேபிளில் விநாடிக்கு 110 எம்பி வரை வரும், வீட்டுக்கு அது போதும்.