பதினேழு வயதில் ரியல் எஸ்டேட் முதலீட்டைத் தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு 17 வயது. பகுதிநேர வேலையில் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணம், ஒரு சிறிய வீட்டின் விலையில் இரண்டு சதவீதம்கூட வராது. கையில் பணமில்லாமலே வீடு வாங்கி, வரும் வாடகையில் கடனை அடைத்துவிடலாம் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். நான் இப்போதே இறங்கலாமா?

பதில்: கற்றுக்கொள்ள இப்போதே இறங்குங்கள், வாங்குவதற்கு அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது, அல்லது பின்னர் ரத்தாகக்கூடியது என்பதால், எந்த வங்கியும் உங்கள் கையெழுத்தை மட்டும் நம்பி வீட்டுக்கடன் தராது. பெற்றோர் பெயரில் வாங்கினாலோ, பணம் உங்களுடையதாக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் பத்திரத்தில் பெயருள்ளவரே பொதுவாக உரிமையாளராகக் கருதப்படுவார்.

அந்தக் காணொளிக் கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 100 என்றும், ஆண்டு வாடகை 5 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டில் ஒரு மாதம் குடியிருப்பவர் இல்லாமல் வீடு பூட்டிக் கிடந்து, வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 1 போனால், கையில் நிற்பது ஏறக்குறைய 3.6 மட்டுமே. 20-ஐ நீங்களே போட்டு, மீதி 80-ஐக் கடனாக வாங்கி 8 சதவீத வட்டி கட்டினால், முதல் ஆண்டு வட்டியே ஏறக்குறைய 6.4 ஆகிவிடும், அசலை அடைக்கும் முன்பே மீதி 2.8-ஐ உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துவைக்க வேண்டும். விலை 10 சதவீதம் சரிந்தால், நீங்கள் போட்ட 20-இல் பாதி கரைந்துவிடும். வாடகை அதிகமாகவும் வட்டி குறைவாகவும் உள்ள இடங்களில் கணக்கு வேறாக வரலாம். ஆனால் அதைப் போட்டுப் பார்க்காமல் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் இளைஞர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

சிறு தொகையில் தொடங்க ரீட் (REIT) எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகள், அதாவது பலரின் பணத்தைத் திரட்டிக் கட்டடங்களில் முதலீடு செய்யும் அமைப்புகள், உள்ளன. 1960-இல் அமெரிக்காவில் சட்டமாகி, பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய இந்த ஏற்பாட்டில், அலுவலகக் கட்டடங்கள், கிடங்குகள் போன்றவற்றின் வாடகை வருமானத்தில் பெரும்பகுதி, அதன் அலகுகளை (பங்கு போன்ற சிறு பகுதிகளை) வாங்கியவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. சிறார் தம் பாதுகாவலர் நடத்தும் கணக்கின் வழியாக இவற்றை வாங்கப் பல நாடுகளில் வழியுண்டு. வட்டி விகிதம் ஏறும்போது அலகின் விலை இறங்கக்கூடும் என்பதால், படிப்புச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தைத் தயவுசெய்து இதில் போடாதீர்கள்.

பணத்தைவிட இந்த வயதில் உங்களிடம் அதிகம் இருப்பது நேரம். விற்பனைக்கு வரும் வீடுகளைப் பெரியவர் ஒருவருடன் சென்று பாருங்கள். ஓர் அறையில் ஒரே ஒரு மூலைக்கு மட்டும் புதுப்பூச்சு பூசியிருந்தால், அதற்கு மேலே தண்ணீர்க் குழாய் போகிறதா என்று கேளுங்கள். மாடிக் குழாயைத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று கவனியுங்கள். உரிமைப் பத்திரம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, அடமானப் பாக்கி ஏதேனும் உண்டா என்பதைப் படிக்கப் பழகுங்கள். பிறகு மேலே போட்ட அதே கணக்கை, அந்த வீட்டுக்குரிய உண்மையான விலை, வாடகை, வட்டி ஆகியவற்றை வைத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்து வீடுகளுக்கு இப்படி எழுதி முடித்ததும் அந்தக் கணக்குகளை எனக்கு அனுப்புங்கள். எந்த வரியில் தவறு இருக்கிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.