என் போர்ட்ஃபோலியோவின் முகப்புப் பக்கத்தைப் பற்றி உருப்படியான கருத்துகளைப் பெறுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: இணையதள வடிவமைப்பாளராக வேலை தேடுகிறீர்கள். செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் இணையதளமான சொந்தப் போர்ட்ஃபோலியோவின் முகப்பைப் புதிதாகச் செய்து முடித்திருக்கிறீர்கள். பார்த்தவர்கள் எல்லாரும் "நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். ஆனால் ஒருவரும் தொடர்புகொள்வதில்லை. கரும்பின்னணியில் சாம்பல் நிற எழுத்து, எழுத்தெழுத்தாகத் தோன்றும் வரவேற்பு வரி, திறமைகளைச் சதவீதத்தில் காட்டும் பட்டைகள், பன்னிரண்டு வேலைகளின் படங்கள் என்று பக்கத்தையும் விவரித்திருக்கிறீர்கள்.

வடிவமைப்பாளர்களைத் தேர்வு செய்யும் பொறுப்பில் இருப்பதால் இத்தகைய பக்கங்களை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்கு மனிதர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். இரவு பகலாக உழைத்து ஒன்றைச் செய்துவிட்டு ஆர்வத்தோடு நிற்பவரிடம் யாருக்குத்தான் குறை சொல்ல மனம் வரும்? பாராட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்கு அதைத் தவிர வேறு பதில் அவர்களிடம் இல்லை.

அபிப்பிராயம் கேட்காதீர்கள், நினைவில் நின்றது எது என்று கேளுங்கள். பக்கத்தை ஐந்து நொடி காட்டிவிட்டுத் திரையை மூடிவிடுங்கள். பிறகு மூன்றே கேள்விகள்: இவர் என்ன வேலை செய்கிறார்? யாருக்காகச் செய்கிறார்? எது மனதில் நின்றது? ஐந்து நொடிச் சோதனை என்று இதைத் துறையில் சொல்வார்கள். ஐந்து நொடி மிகக் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் கண்ணுக்கு எவ்வளவு ஈர்ப்பாக இருக்கிறது என்ற முடிவுக்கு வர 50 மில்லி நொடியே போதும் என்று கனடாவில் கிட்டே லிண்ட்கார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. அந்தக் கணத்தில் பக்கம் பிடித்திருக்கிறதா என்பது முடிவாகிவிடுகிறது. உங்களுக்குத் தெரிய வேண்டியது அதற்குப் பிந்தைய சில நொடிகளில் என்ன புரிந்தது என்பதுதான். எழுத்தெழுத்தாக வரும் வரவேற்பு வரி உங்கள் பக்கத்தில் அந்த நொடிகளை விழுங்கிவிடும் என்பது என் கணிப்பு. மூன்று பேரிடம் செய்து பாருங்கள். "ஏதோ எழுத்து ஓடியது" என்று இருவர் சொன்னாலே அந்த அனிமேஷனை எடுத்துவிடலாம்.

அடுத்தது செய்யச் சொல்லிப் பார்ப்பது. உங்களை அதிகம் அறியாத ஒருவரிடம் பக்கத்தை மொபைலில் திறந்து கொடுங்கள். "உங்கள் நிறுவனத்துக்கு ஓர் இணையதளம் வேண்டும். இவர் அதற்குப் பொருத்தமானவரா என்று பார்த்து, பொருத்தமானவர் என்று தோன்றினால் தொடர்புகொள்ளும் இடம்வரை போங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்." இவ்வளவு சொன்னால் போதும். பிறகு நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. "அதைத் தட்டினால் திறக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாலும் சோதனை கெட்டது. உங்கள் பக்கத்தைத் திறக்கும் மேலாளருக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. விரல் எங்கே தயங்குகிறது, இணைப்பே இல்லாத எந்தப் படத்தைத் தட்டிப் பார்க்கிறார், எந்த இடத்தில் படிப்பதை விட்டுவிட்டு வேகமாக ஸ்க்ரோல் செய்கிறார் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கடைசியில் சொல்லும் மதிப்பீட்டைவிட இந்தக் குறிப்புகளுக்குப் பல மடங்கு மதிப்பு உண்டு.

எத்தனை பேர் வேண்டும்? ஒரே வகையான பயனர்கள் ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் 2000இல் எழுதினார். அவருடைய கணக்கில் அது சுமார் 85 சதவீதம். ஒவ்வொருவரும் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொண்டுவருவார் என்ற அனுமானத்தின் மேல் நிற்கும் கணக்கு அது. ஆகவே எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நீல்சன் அதோடு சொன்ன யோசனைதான் உங்களுக்குப் பயன்படும்: பதினைந்து பேரை ஒரே மூச்சில் சோதிக்காமல், ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, இடையிடையே பக்கத்தைத் திருத்துங்கள்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சக வடிவமைப்பாளர்களிடம் காட்டினால் இடைவெளி, எழுத்துரு, நிறம் பற்றிக் கூர்மையாகச் சொல்வார்கள். கைவேலை மெருகேற அது தேவை. ஆனால் வேலை கொடுப்பவர் பார்ப்பது வேறு. ஒரு வேலையைத் திறந்ததும் என் மனதில் எழும் கேள்விகள் இவை: என்ன சிக்கலைத் தீர்க்க வந்தார்? குழுவில் இவருடைய பங்கு எது? ஏன் இந்த வழியைத் தேர்ந்தார்? முடிவில் என்ன மாறியது? இவற்றுக்கு விடை இல்லாத அழகான படங்கள் பன்னிரண்டு இருப்பதைவிட, விடையோடு மூன்று வேலைகள் இருந்தால் நான் நின்று படிப்பேன். எனவே அணிகளை வழிநடத்தும், ஆள் எடுத்த அனுபவமுள்ள ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: "இந்தப் பக்கத்தைப் பார்த்து நேர்காணலுக்கு அழைப்பீர்களா? இல்லையென்றால் எந்த இடத்தில் அந்த முடிவுக்கு வந்தீர்கள்?"

அறிமுகமில்லாதவருக்கு எழுதும்போது சுருக்கமாக, ஆனால் முழுமையாக எழுதுங்கள். இப்படி: "இணையக் கடைகளை வடிவமைப்பதில் முழுநேர வேலை தேடுகிறேன். முகப்பின் முதல் திரையைப் பார்த்ததும் அது புரிகிறதா, எந்த வேலையை முதலில் திறக்கத் தோன்றுகிறது என்ற இரண்டை மட்டும் சொன்னால் போதும். நிறங்களை இன்னும் முடிவு செய்யவில்லை." எதைப் பார்க்க வேண்டும், எதை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்று தெரிந்தால்தான் நேரமில்லாதவரும் பதில் எழுதுவார். வெறும் இணைப்பை அனுப்பி "கருத்து தேவை" என்றால் பதில் வராது, வந்தாலும் ஒரு வரிதான்.

இயந்திரம் சொல்லிவிடக்கூடியதை மனிதர்களிடம் கேட்டு அவர்களின் பொறுமையை வீணாக்க வேண்டாம். குரோம் உலாவியிலேயே பக்கத்தைச் சோதித்து மதிப்பெண் தரும் லைட்ஹவுஸ் என்ற கருவி இருக்கிறது, ஓட்டிப் பாருங்கள். பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் திரைக்கு வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் உட்பட எல்லாரும் பக்கத்தைப் பயன்படுத்த முடிவதற்கான டபிள்யூசிஏஜி அணுகல் நெறிமுறை. கருப்பில் சாம்பல் என்ற உங்கள் சேர்க்கையை இதில் முதலில் சோதியுங்கள். மவுஸைத் தொடாமல் டேப் விசையை மட்டும் வைத்துப் பக்கம் முழுவதும் போக முடிகிறதா என்றும் பாருங்கள். தொடர்புப் படிவத்தை வேறொரு மின்னஞ்சலிலிருந்து நிரப்பி அனுப்பி, அது உண்மையிலேயே உங்களுக்கு வருகிறதா, ஸ்பேமில் போய் விழுகிறதா என்று தயவுசெய்து இன்றே பாருங்கள். யாரும் தொடர்புகொள்ளவில்லை என்று வருந்தும் ஒருவருக்கு நான் சொல்லும் முதல் வேலை அதுதான்.

வந்த கருத்துகளைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. வலி எங்கே என்று நோயாளி சொல்வதை மருத்துவர் அப்படியே எடுத்துக்கொள்கிறார். மருந்தை மட்டும் அவர்தான் முடிவு செய்கிறார். "எழுத்தைப் பெரிதாக்குங்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் எதையோ படிக்கச் சிரமப்பட்டார் என்பது மட்டுமே உறுதி. காரணம் எழுத்தின் அளவாக இருக்கலாம், மங்கலான நிறமாக இருக்கலாம், வரி திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீள்வதாகவும் இருக்கலாம். "எந்த வரியைப் படிக்கும்போது அப்படித் தோன்றியது?" என்று திருப்பிக் கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் நீலம் பிடிக்கவில்லை என்றால் அது அவருடைய ரசனை. மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அது பக்கத்தின் குறை. நீங்கள் எவ்வளவு நேசித்துச் செய்த பகுதியானாலும் மாற்றியே ஆக வேண்டும்.

திறமைப் பட்டைகளைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: எடுத்துவிடுங்கள். "சிஎஸ்எஸ் 85%" (சிஎஸ்எஸ் என்பது பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) என்பதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வர முடியாது, எதில் 85 என்ற அளவுகோலே அங்கு இல்லை. அதே சிஎஸ்எஸ் திறமையை ஒரு வேலையின் விளக்கத்தில் காட்டினால் உடனே நம்புவேன். வரவேற்பு வரியிலும் "கனவுகளுக்கு வடிவம் தருகிறேன்" போன்ற வாசகம் இருந்தால், அதற்குப் பதில் என்ன செய்கிறீர்கள், யாருக்குச் செய்கிறீர்கள் என்று நேராக எழுதுங்கள்.

ஒரு பக்கத்தை முதல்முறை பார்க்கும் கண் ஒவ்வொருவரிடமும் ஒருமுறைதான் கிடைக்கும். தெரிந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் இணைப்பை அனுப்பிவிடாதீர்கள். பாதிப் பேரையாவது திருத்திய வடிவத்துக்காக ஒதுக்கி வையுங்கள். ஏற்கெனவே பார்த்தவர்களிடம் பழையதையும் புதியதையும் அருகருகே காட்டி, எதில் உங்கள் வேலை சீக்கிரம் புரிகிறது என்று கேட்டுக்கொள்ளலாம். ஐந்து நொடிச் சோதனைக்கு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் புதியவர்களையே உட்காரவையுங்கள்.