ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட்டு வேகமான எஸ்யூவி வாங்கினால் ஓட்டும் இன்பம் போய்விடுமா?

மட்டக்களப்பில் இருக்கிறீர்கள், கையில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது, வீட்டில் குழந்தை வந்துவிட்டது, அதைக் கொடுத்துவிட்டு டர்போ எஞ்சின் உள்ள எஸ்யூவி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில் இதே மாற்றத்தைச் செய்தவன். மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா 86 என்ற இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களையும் கொடுத்துவிட்டு, டர்போ எஞ்சின் உள்ள எஸ்யூவியான சுபாரு ஃபொரெஸ்டர் எக்ஸ்டி வாங்கினேன். என் பதில்: எடுங்கள். ஓட்டும் இன்பத்தில் ஒரு பகுதி போகத்தான் செய்யும். எது போகும், எது வரும் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

முதலில் நம் வீதிகளைப் பாருங்கள். திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை வழியாகப் போகும் ஏ6 பெரும்பாலும் நேர் வீதி. மட்டக்களப்புப் பக்கம் போகும் ஏ15, நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டைக்குப் போகும் கரையோர வீதி எல்லாம் சமதரை. இலேசான ஸ்போர்ட்ஸ் கார் தன் குணத்தை முழுதாகக் காட்டுவது வளைவில். அப்படிப்பட்ட வளைவுக்கு நான் கண்டி–மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவு வரைக்கும் போக வேண்டும். நகருக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிப்பது மணிக்கு 70 கிலோமீற்றர். ஆகவே நம் ஊரில் காரின் உச்ச வேகத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை. லொறிக்குப் பின்னால் 40இல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, எதிரே வீதி வெறுமையாக இருக்கும் அந்தச் சிறு இடைவெளிக்குள் எவ்வளவு விரைவாக முந்திச் சென்று உங்கள் பக்கத்துக்குத் திரும்புகிறீர்கள் என்பதுதான் இங்கே வேகம்.

இந்த இடத்தில்தான் ஃபொரெஸ்டர் என்னை வென்றது. டொயோட்டா 86இல் இருப்பதும் சுபாரு செய்த எஃப்ஏ20 குடும்பத்து இரண்டு லீற்றர் எஞ்சின்தான். எக்ஸ்டியில் இருப்பது அதே குடும்பத்தின் டர்போ வடிவம். 86இன் 205 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை (வண்டியை முன்னே இழுக்கும் சுழல் பலம்) முழுதாக வருவது எஞ்சின் நிமிடத்துக்கு 6,400 சுற்றை எட்டிய பிறகு. ஜப்பானில் விற்ற எக்ஸ்டி 2,000 சுற்றிலேயே 350 நியூட்டன் மீற்றரைக் கொடுத்துவிடுகிறது. 86இல் லொறியை முந்த வேண்டுமென்றால் கியரை இரண்டு படி இறக்கி, எஞ்சினைக் கத்தவிட்டு, அதன் பிறகு வெளியே எடுக்க வேண்டும். அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பின் இருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருக்கும் பயணத்தில், காலைச் சற்று அழுத்தியதும் சத்தமில்லாமல் முன்னே போய்விடுகிற வண்டிதான் எல்லோருக்கும் நிம்மதி தருகிறது.

உயரத்தின் அருமையை நம் ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 86இன் தரை இடைவெளி 130 மில்லிமீற்றர், ஃபொரெஸ்டருடையது 220. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் ஒழுங்கைகள், ஊருக்கு ஊர் வேறு வேறு அளவில் எழுப்பிய வேகத்தடைகள், வடகீழ்ப் பருவமழையில் வீதியோரம் தேங்கும் நீர் எல்லாவற்றுக்கும் அந்த 90 மில்லிமீற்றர் பதில் சொல்கிறது. (நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பதற்காக ஓடுகிற வெள்ளத்துக்குள் இறக்கிவிடாதீர்கள். உயரமான வண்டியையும் நீர் தள்ளிக்கொண்டு போகும்; காற்று உறிஞ்சும் குழாய்க்குள் நீர் ஏறினால் எஞ்சின் முடிந்தது.) ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் மாலை மங்கிய பிறகு யானை வீதிக்கு வரும். உயரத்தில் அமர்ந்து புதர் ஓரத்தைச் சற்று முன்னதாகவே பார்க்க முடிவதை நான் பெரிய பாதுகாப்பாக நினைக்கிறேன். முழங்கால் வலியுள்ள அம்மா கோணேசர் கோயிலுக்குப் புறப்படும்போது, தாழ்ந்த இருக்கைக்குள் குனிந்து இறங்காமல் நேராக ஏறி உட்காருகிறார். எனக்கு இது ஒன்றே போதும்.

இனி இழப்பு. ஸ்டியரிங்தான் பெரிய இழப்பு. எம்எக்ஸ்-5இல் முன் டயர் எந்தக் கல்லில் ஏறியது என்பதை உள்ளங்கை அறியும். ஏறத்தாழ ஒரு தொன் எடையில், பின் சக்கரம் தள்ள, கூரையைத் திறந்துவிட்டு மாலைக் காற்றில் போவதற்கு ஈடாக எந்த எஸ்யூவியும் எதையும் தராது. அது எத்தனை கோடி ரூபாய் வண்டியாக இருந்தாலும் சரி. 86 சுமார் 1,240 கிலோ, எக்ஸ்டி சுமார் 1,590 கிலோ. அந்த 350 கிலோவை எந்தக் குதிரைவலுவாலும் மறைக்க முடியாது. வளைவில் உடல் சாயும். அதே வேகத்திலிருந்து நிறுத்தும்போது பிரேக்குக்குள் போகும் வெப்பம் கால் பங்குக்கு மேல் அதிகம். எக்ஸ்டியில் கியர் பெட்டியும் சிவிடி வகை, அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாகத் தானே மாறும் தானியங்கி. கையால் கியர் மாற்றிப் பழகியவருக்கு அது கொஞ்ச நாள் உயிரற்றதாகத் தோன்றும். எட்டுப் படிகளாக மாற்றிக்கொள்ளும் ‘ஸ்போர்ட்’ நிலை அதில் உண்டு. அது உதவுகிறது, ஆனால் பழைய உறவைத் திருப்பித் தருவதில்லை.

பழைய எம்எக்ஸ்-5 உங்களிடம் இருந்தால் வேறொரு விடயமும் உண்டு. மடிக்கும் கூரையிலிருந்து நீர் வடியும் துளைகள் அடைபட்டால், கதவுக்குக் கீழே பின்பக்கத்து உலோகம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நம் கடற்காற்றின் உப்பு அதை இன்னும் வேகப்படுத்துகிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரித்திருக்கும். விற்பதானால் அதைக் காட்டி விற்றுவிடுங்கள்.

விற்பதற்கு முன் ஒரு விடயத்தை நன்றாக யோசியுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் பெரும் வரியோடு. இடையில் நாட்டுக்குள் இருந்தவையே கைமாறின. ஆகவே நல்ல நிலையில் உள்ள ஸ்போர்ட்ஸ் காரை இன்று கொடுத்தால், நாளை மனம் மாறி அதே போன்ற ஒன்றைத் தேடுவது எளிதல்ல. வீட்டில் நிறுத்த இடமும், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி இரண்டையும் தாங்கும் வசதியும் இருந்தால், அதை வைத்துக்கொண்டு குடும்பத்துக்குச் சாதாரண வண்டி ஒன்று எடுப்பதும் மரியாதையான முடிவு. எனக்கு அந்த வசதி இல்லை. ஒரே வண்டிதான் என்றால், வேகமான எஸ்யூவியைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எந்த எஸ்யூவி? குதிரைவலு எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். எடை குறைந்ததாகவும், முறுக்குவிசை கீழ்ச் சுற்றிலேயே வருவதாகவும், நம் ஊர் மெக்கானிக் கை வைக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். போர்ஷே மகான் ஓட்டுவதற்கு அருமையானது என்பதில் சந்தேகமில்லை. 2002இல் போர்ஷேயின் முதல் எஸ்யூவியான கயென் வந்தபோது, ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனத்துக்கு இது எதற்கு என்று முணுமுணுத்த ரசிகர்களுக்கும் அந்த நிறுவனம் பதில் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு சென்சார் பழுதானால் கொழும்புக்கு 260 கிலோமீற்றர் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய வண்டி, திருகோணமலையில் தினசரி வண்டி ஆகாது.

எக்ஸ்டி பார்ப்பதானால் உள்ளெடுக்கும் வால்வுகளில் கரி படிந்திருக்கிறதா என்று கேளுங்கள். 86இல் பெற்றோல் வால்வுக்கு முன்னாலும் எரிகலனுக்குள்ளும் என இரண்டு வழியாகத் தெளிக்கப்படுவதால் வால்வு கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். எக்ஸ்டியில் நேரே எரிகலனுக்குள் மட்டும் போகிறது, வால்வைக் கழுவ எதுவும் இல்லை. சிவிடி எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கேளுங்கள். “அது ஆயுளுக்கும் போதும், மாற்றத் தேவையில்லை” என்று சொல்லும் விற்பனையாளரை நம் வெயிலில் நான் நம்பமாட்டேன். 95 ஒக்டேன் பெற்றோல்தான் போட வேண்டும் என்பதையும் மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது தனியாகப் போகாதீர்கள். மனைவியையும் குழந்தையின் இருக்கையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, நகருக்கு வெளியே நீண்ட நேர் வீதிக்குப் போய் 70இலிருந்து சில தடவை உறுதியாகப் பிரேக் பிடியுங்கள். ஸ்டியரிங் நடுங்குகிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் 40இல் போய், இடம் கிடைக்கும்போது முந்திப் பாருங்கள். அப்போது பின்னாலிருந்து மனைவி என்ன சொல்கிறார் என்பதையும் கேட்டுவிட்டு விலை பேசத் தொடங்குங்கள்.