வெளிநாட்டு நிதியில் நடக்கும் காடு வளர்ப்புத் திட்டங்களால் மலையடிவாரக் கிராமங்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

பயன் உண்டு. ஆனால் அது திட்டக் காலத்துக் கூலியோடு முடிந்துவிடுகிறதா, திட்டம் போன பின்னும் நிற்கும் உரிமையாக மாறுகிறதா என்பதைப் பார்த்தே அதன் அளவைச் சொல்ல முடியும். நான் மதுரை மாவட்டத்தின் மேற்கே, சாப்டூர் மலைக்குக் கீழுள்ள பேரையூர் வட்டாரத்தைச் சேர்ந்தவன் என்பதால் எங்கள் பக்கத்து நிலவரத்தை வைத்தே எழுதுகிறேன்.

1981இல் ஸ்வீடன் அரசின் வளர்ச்சி உதவி முகமையான சிடாவின் நிதியில் தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியது. கண்மாய்களுக்குள் நாட்டுக் கருவேலம் நட்டு, முற்றியதும் வெட்டி ஏலம் விட்டு, வருவாயில் ஒரு பங்கை ஊராட்சிக்குத் தருவது ஏற்பாடு. கருவேலம் இதற்கு ஏற்ற மரமே: மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் பிழைத்துக்கொள்ளும், நெற்று ஆட்டுக்குத் தீனியாகும், கட்டை கலப்பைக்கும் அடுப்புக்கும் உதவும். (இன்று எல்லோரும் திட்டுகிற சீமைக் கருவேலம் வேறு.) கிராமத்து விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்ப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது, ஆனால் ஏலம் எடுக்கும் அளவுக்குக் கையில் பணம் வைத்திருந்தவர் வியாபாரி என்பதால், கண்மாயில் வளர்ந்த விறகு லாரி ஏறி நகரத்துக்குப் போயிற்று. ஊராட்சிக் கணக்கில் பணம் சேர்ந்தது. சுள்ளி பொறுக்கி உலை வைத்த வீட்டுக்கு அதில் பெரிதாக ஒன்றும் சேரவில்லை.

அடுத்து, 1997இல் ஜப்பான் நிதியில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. பலர் நினைப்பதுபோல் அது நன்கொடை அன்று, திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். வனத்துறையும் ஊராரும் சேர்ந்து காட்டைப் பராமரிக்கச் சொன்ன, 1990ஆம் ஆண்டின் கூட்டு வன மேலாண்மைச் சுற்றறிக்கையின் வழியில், மலையடிவார ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. கன்று நடுவதோடு தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் கட்டினார்கள், கறவை மாட்டுக்குக் கடன் கொடுத்தார்கள். என் மதிப்பீட்டில் இத்திட்டத்தின் பெரிய பயன் மரத்தைவிடத் தண்ணீர்தான். அந்தப் பயனும் எல்லோருக்கும் ஒன்றாகக் கிடைக்கவில்லை: கிணறும் நிலமும் உள்ளவருக்கு ஊற்று கூடியது, நிலமில்லாமல் நாலு ஆட்டை நம்பியவருக்கு நடவுப் பகுதியில் மேய்ச்சல் அடைபட்டது. குழுவுக்குத் தலைவர் ஊர்க்காரராக இருந்தாலும் உறுப்பினர் செயலர் வனத்துறை அலுவலரே. ஆகவே நிதி நின்றதும் கூட்டமும் நின்றுபோன ஊர்களை எங்கள் பக்கம் நிறையக் காணலாம்.

இதோடு நேபாளத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. அங்கும் ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளின் உதவி வந்தது. ஆனால் 1993ஆம் ஆண்டு வனச் சட்டம் காட்டைப் பயன்படுத்தும் ஊராரின் பயனர் குழுக்களைத் தன் பெயரிலேயே இயங்கும் தனிச் சட்ட அமைப்புகளாக ஏற்று, காட்டிலிருந்து வரும் வருமானத்தை அவர்களே வைத்துக்கொள்ளவும் வகை செய்தது. இன்று 22,000க்கும் மேற்பட்ட குழுக்கள் அங்கு உள்ளன. காட்டுப் பரப்பும் கூடியிருக்கிறது. இளைஞர்கள் வளைகுடாவுக்குப் போனதால் மலை வயல்கள் தரிசாகி மரம் முளைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை.

உலக அளவிலான ஒப்பந்தங்களிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. 1992 ரியோ மாநாட்டில் காடுகளுக்கெனக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை வளர்ந்த நாடுகள் கேட்டன. தங்கள் காடு தங்கள் இறையாண்மைக்கு உட்பட்டது என்று இந்தியாவும் மலேசியாவும் மறுத்ததால் கட்டுப்படுத்தாத கோட்பாடுகளே மிஞ்சின. 2017இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற காடுகளுக்கான திட்டம் 2030க்குள் உலகக் காட்டுப் பரப்பை 3% கூட்ட வேண்டும் என்கிறது, காட்டை நம்பியோரின் வாழ்வாதாரத்தையும் குறிக்கோளாக வைக்கிறது. நிறைவேற்றுவது அந்தந்த நாட்டின் விருப்பம்.

ஆகையால் நமக்குக் கைகொடுக்கக்கூடியது உள்நாட்டுச் சட்டம்தான். தேன், கல்பாசி, கடுக்காய் போன்ற சிறு வன மகசூல் மீதான உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பளியர் உள்ளிட்ட பழங்குடியினருக்கு அளிக்கிறது. தமிழ்நாட்டில் இச்சட்டப்படி பட்டா வழங்குவதற்கு இருந்த நீதிமன்றத் தடை 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தால் நீங்கியது. 2021இல் எங்கள் மலை ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது. காப்பகத்தில் கட்டுப்பாடுகள் இறுகும் என்பதால், இந்த உரிமைகளை எழுத்தில் பெறுவதன் அவசரம் கூடியிருக்கிறது.

இப்போதும் ஜப்பான் நிதியில் பல்லுயிர்ப் பாதுகாப்புக்கும் பசுமையாக்கலுக்குமான திட்டம் மாநிலத்தில் நடந்துவருகிறது. உங்கள் ஊருக்கு அப்படியொன்று வந்தால், மகசூல் யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, ஆட்டுக்காரருக்கு மாற்று மேய்ச்சல் எங்கே என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், கிராம சபையில் வன உரிமைக் குழுவை அமைத்துச் சமூக வன உரிமை, அதாவது ஊருக்குப் பொதுவான வன உரிமை, கோரும் மனுவை இச்சட்டப்படி அமைந்த உட்கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்புங்கள். பழங்குடியினர் அல்லாதோர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அக்காட்டைச் சார்ந்து அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கும். மனுச் செய்வதற்குச் சட்டத்தில் கடைசித் தேதி கிடையாது.